‘பாடுங்க’ என்று கேட்காதீர்கள்: குழந்தைகளின் இசையை ஆராய வருகிறவர்களுக்கு

ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் என் முதல் கள ஆய்வு நாள். புது ரெக்கார்டர், புது நோட்டு, கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை. “எங்கே, தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடுங்க பார்ப்போம்” என்றேன். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, காலைக் கூட்டத்தில் பாடுவதை முதலிலிருந்து கடைசி வரை பாடிவிட்டு உட்கார்ந்தார்கள். அடுத்தது பாடப் புத்தகத்தில் இருந்து. அதற்கடுத்ததும் அதிலிருந்தே. சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, அதே பிள்ளைகளில் நாலு பேர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கையோடு கை தட்டி எதையோ படுவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டார்கள். “என்ன பாட்டு அது?” என்றேன். “அது பாட்டு இல்ல மிஸ், சும்மா.”

அந்தச் ‘சும்மா’வைத் தேடித்தான் இந்தத் துறைக்கு வருகிறோம்.

குழந்தை இசை என்றதும் பலருக்கும் மழலையர் பள்ளி ஆண்டு விழாவும், செல்போனில் ஓடும் பொம்மைப் பாட்டும்தான் நினைவுக்கு வரும். அவை பெரியவர்கள் குழந்தைகளுக்காகச் செய்து தருபவை. இசைக் கல்வி ஆய்வில் அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கி, தங்களுக்குள்ளேயே கைமாற்றி, பெரியவர் வந்தால் வாயை மூடிக்கொள்கிற இசை வேறு. கைதட்டு ஆட்டம், கயிறு தாண்டும்போது எண்ணுவது, யார் முதலில் பிடிப்பது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரிகள், கபடிக்கு மூச்சுப் பிடித்துப் பாடுவது, அடுத்தவனை ராகம் இழுத்துக் கேலி செய்வது, சினிமா மெட்டில் வாத்தியார் பெயரைச் செருகுவது எல்லாம் இதில் அடக்கம்.

இசை மானிடவியலாளர் ஜான் பிளாக்கிங் 1950களில் தென்னாப்பிரிக்காவின் வெண்டா மக்களிடையே கள ஆய்வு செய்து, அவர்களுடைய குழந்தைப் பாடல்களைப் பற்றி மட்டும் 1967இல் தனி நூல் வெளியிட்டார். பிள்ளைகள் எளிய பாட்டிலிருந்து கடினமான பாட்டுக்குப் படியேறிப் போவதில்லை, சுற்றிலும் அடிக்கடி காதில் விழுவதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. கர்நாடக இசையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று படிப்படியாக ஏறி வந்த நமக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா ஷீஹன் கேம்ப்பெல், 1998இல் வந்த தன் நூலுக்காகக் குழந்தைகளையே அவர்களுடைய இசையைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டார். ஆஸ்திரேலியாவின் கேத்ரின் மார்ஷ் பல நாட்டுப் பள்ளி மைதானங்களில் விளையாட்டுப் பாடல்களைப் பதிவு செய்து 2008இல் நூலாக்கினார். கேம்ப்பெல்லும் ட்ரெவர் விக்கின்ஸும் தொகுத்த பெரிய கையேடு 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இந்த நான்கையும் ஒரு தடவையாவது புரட்டாமல் ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போகாதீர்கள்.

முதல் வேலை: ஒரு மாதம் உங்கள் தெருவில்

விண்ணப்பம், நுழைவுத் தேர்வு எல்லாம் அப்புறம். முதலில் ஒரு மாதம், தினமும் அரை மணி நேரம், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் சும்மா இருங்கள். ரெக்கார்டர் வேண்டாம். வீட்டுக்கு வந்து எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை பேர், யார் தொடங்கியது, யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாட்டு எந்த இடத்தில் தடுமாறியது, தடுமாறியபோது யார் திருத்தியது. பாட்டின் வரிகளைவிட இந்தக் கடைசிக் கேள்விதான் ஆய்வுக்குப் பொருள் தரும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று கவனியுங்கள். வரி வரியாகப் பிரித்துச் சொல்லித் தராது. முழு வேகத்தில் ஆடும், சின்னது ஓரமாய் நின்று உதடு அசைக்கும், ஒரு நாள் உள்ளே நுழைந்துவிடும். நம் வகுப்பறைகள் செய்வதற்கு இது நேர் எதிர்.

என் சொந்தத் தெரு சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம். தறிச் சத்தத்தில்தான் வளர்ந்தேன். அதனால் தெருப் பிள்ளைகளின் கைதட்டில் தறியின் அடியே ஒலிக்கிறது என்று அழகாக நாலு பக்கம் எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டு, “தறி இல்லாத ஊரில் போய்க் கேட்டாயா?” என்றார். போனேன். மலைமேல், காப்பித் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளும் அதே அடியில்தான் தட்டினார்கள். நாலு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. இடத்தையும் இசையையும் முடிச்சுப் போடும் ஆசை இந்தத் துறைக்கு வரும் எல்லாருக்கும் வரும். எதிர்ச்சான்று தேடிப் பார்க்காமல் முடிச்சைப் போடாதீர்கள்.

கைதட்டு என்றேன் அல்லவா, அதில் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று தட்டும் ஆட்டங்களில் ஒரு வகை உண்டு. கை மூன்று அசைவில் சுற்றும்: மேலும் கீழுமாக ஒன்று, அதையே மாற்றி ஒன்று, நேருக்கு நேராக ஒன்று. வாய் சொல்லும் வரியோ நான்கு நான்காகப் போகும். கை திஸ்ரம், வாய் சதுஸ்ரம். பன்னிரண்டு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் தொடங்கும். மிருதங்கம் கற்கும் மாணவர் இதைக் கணக்குப் போட்டுப் பழகுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டுகிறார்கள். இது சேலத்துக்கு மட்டும் உரியதல்ல. பல நாட்டுப் பள்ளி மைதானங்களிலும் ஆய்வாளர்கள் இதே மூன்றுக்கு நான்கைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளின் இசை எளிமையானது என்று யாராவது சொன்னால் கூடச் சேர்ந்து தட்டச் சொல்லுங்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது

குழந்தை இசைத் துறை என்று பெயர்ப்பலகை போட்ட துறை தமிழ்நாட்டில் கிடையாது. இசை, கல்வியியல், நாட்டாரியல், மானிடவியல் என்று நாலு வாசல்கள். உங்கள் முதுகலைப் பட்டம் எதில் இருக்கிறதோ அந்த வாசல்தான் நல்லது. கல்லூரி வேலைக்குப் போகும்போது, பட்டமும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் அந்தத் துறைப் பாடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நாட்டாரியலில் ஆய்வு செய்துவிட்டு இசைத் துறையில் வேலை கேட்டு அலைந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

சேலத்தில் இருந்து பார்த்தால் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. இசை என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, சென்னையிலேயே இருக்கும் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். நாட்டாரியலுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் பெயர் பெற்றவை. ஆனால் பல்கலைக்கழகத்தைவிட நெறியாளர் முக்கியம். குழந்தைகளைப் பற்றி எழுதியவர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, களத்துக்குப் போய் வெயிலில் நின்றவராகப் பாருங்கள். நூலகத்தைத் தாண்டாத நெறியாளரிடம், ஆறு மாதமாகக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன் என்பதை வேலை என்று நம்பவைக்க முடியாது. அவரிடம் படிக்கும் மூத்த மாணவர்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

கணக்கு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையாது. அதன் வழியாக ஜே.ஆர்.எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தனி உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்குக் கிடைக்கிறது. சேர்வராயன் மலைப் பிள்ளைகளில் ஒருவரே இந்த ஆய்வுக்கு வந்தால் அதைவிட நல்ல விஷயம் இல்லை. உதவித்தொகை இல்லாமல் முழு நேர ஆய்வில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களம் காசு தின்னும்.

சேலமா, மலையா

புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் மலைமேல்தான் கண். பழங்குடி, பனிமூட்டம், அழிந்துவரும் பாட்டு என்று ஆய்வுத் தலைப்பு தானாக எழுதிக்கொள்ளும். என் கருத்து: முதல் ஆய்வு என்றால் நகரத்திலேயே செய்யுங்கள். குகை, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் என்று ஒவ்வொரு பேட்டையிலும் தமிழோடு சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது கேட்கும். ஒரே கைதட்டு ஆட்டம் எந்த மொழிக்கு மாறும்போது எந்தச் சொல் மட்டும் மாறாமல் நிற்கிறது என்று பார்த்தாலே ஒரு ஆய்வேடு தேறும். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் ஸ்பீக்கரில் ஓடுவதைப் பிள்ளைகள் மறுநாள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை முடிந்த வாரம் தெருவில் சின்ன வண்டி வேடிக்கை நடக்கும், தகர டப்பா மேளத்தோடு.

மலைக்குத்தான் போவேன் என்றால், சரி. சில விஷயங்கள். அங்கு வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொண்டு வரும் வெளியூர் ஆய்வாளர்களை இன்னமும் பார்க்கிறேன். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. அவர்களுடைய பிள்ளைகளிடமும் செல்போன் உண்டு, புதுப் பாட்டெல்லாம் தெரியும். பழைய பாட்டை மட்டும் பாடும் பிள்ளை வேண்டும் என்று தேடினால், அப்படி ஒரு பிள்ளையை நீங்களே தயாரித்துவிடுவீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். அவர்களிடம் பேச வேண்டும் என்றால் மலையிலேயே தங்க வேண்டியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அன்றே இறங்குவது கள ஆய்வு ஆகாது. மே மாதத்தில் சுற்றுலாக் கூட்டம் வேறு. தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு அவ்வளவுதான்.

அனுமதி

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் தொடங்குங்கள். அதோடு நெறியாளர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்து அனுமதி கேளுங்கள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் அது பழங்குடியினர் நலத் துறையின் கீழ் வரும், அங்கே தனியாகக் கேட்க வேண்டும். கடிதம் கையில் இருந்தாலும் தலைமை ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டால் வேலை நடக்காது. பரீட்சை நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

பிள்ளைகளிடம் கேட்பதுதான் சிரமமான பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் நமக்கு உதவும்: ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வாய்வழி ஒப்புதல், பன்னிரண்டைத் தாண்டினால் எழுத்து ஒப்புதல், இதற்கு மேல் பெற்றோரின் சம்மதம். டிஜிட்டல் தகவல் பாதுகாப்புக்கான 2023 சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. காகிதம் ஒருபக்கம் இருக்கட்டும். டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் ‘வேண்டாம்’ என்று சொல்லாது. அதனால் ‘வேண்டாம்’ என்பதற்கு ஒரு வழி செய்து கொடுங்கள். நான் ரெக்கார்டரின் பொத்தானை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். யாருக்கு எப்போது பிடிக்கவில்லையோ அமுக்கி நிறுத்தலாம். முதல் இரண்டு நாள் அமுக்கி அமுக்கி விளையாடுவார்கள். மூன்றாம் நாள் உண்மையிலேயே வேண்டாத இடத்தில் மட்டும் நிறுத்துவார்கள்.

மிஸ் என்ற பெயரில் இருந்து அக்கா என்ற பெயருக்கு இறங்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அடையாள அட்டையைப் பைக்குள் போட்டேன். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு பிள்ளை வரி தவறும்போது திருத்தவில்லை. கைதட்டில் நானே தவறி அவுட் ஆகிக்கொண்டே இருந்தேன், அது நடிப்பும் இல்லை. “அக்காவுக்கு வரவே வராது” என்று ஒரு நாலாம் வகுப்புப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளில்தான் என் தரவு தொடங்குகிறது. ஒரு எச்சரிக்கை: அக்கா ஆனபின் வீட்டுச் சண்டை, அடி உதை என்று காதில் விழும். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகத் தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பதிவும் எழுத்தும்

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியக்கூடிய சின்ன ரெக்கார்டர் போதும். மலைக்காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு உறை கட்டாயம். மாற்று பேட்டரி எப்போதும் பையில் இருக்கட்டும். கைதட்டுக்கு ஒலி மட்டும் போதாது, கை தெரிய வேண்டும். முகம் தெரியாமல் கையை மட்டும் வீடியோ எடுக்கப் பழகுங்கள், ஒப்புதல் வாங்குவதும் எளிதாகும்.

அன்றிரவே கோப்புக்குப் பெயர் வைத்துவிடுங்கள்: தேதி, இடக் குறியீடு, வரிசை எண். பிள்ளையின் பெயர் கோப்பில் வரவே கூடாது. ஒலியையும் படத்தையும் வரியையும் நேரத்தோடு பொருத்தி எழுத, நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய எலான் மென்பொருள் இலவசம். சுருதியை அளக்க ப்ராட் என்ற மென்பொருள். குழந்தைக் குரலுக்குச் சுருதி எல்லையை உயர்த்தி வைக்காவிட்டால் அது தப்பாகக் கணக்கிடும். ஒரு நிமிடப் பதிவை ஒழுங்காக எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. கர்நாடக இசை படித்தவர்களுக்கு ஒன்று: கேட்டதும் ராகப் பெயர் வைக்கத் துடிக்கும். மூன்று நான்கு ஸ்வரத்துக்குள் பேச்சும் பாட்டுமாக ஊசலாடும் வரிக்கு மோகனம் என்று பெயர் சூட்டினால் அது மோகனம் ஆகிவிடாது. முதலில் எந்த அசையில் அடி விழுகிறது என்று எழுதுங்கள்.

கேலிப் பாட்டுகளில் சாதிப் பெயர், உடல் குறை, ஆபாசம் எல்லாம் வரும். ஆய்வேட்டில் அவற்றைத் துடைத்து வெள்ளையடித்தால் அது பிள்ளைகளின் உலகம் அல்ல. அப்படியே போட்டால் ஒரு ஊரும் சில பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள். நான் பதிவில் வைத்துக்கொண்டு, இடக் குறியீட்டை நீக்கி, ஆய்வேட்டில் அமைப்பை மட்டும் விளக்கினேன். எங்கள் தேர்வாளருக்கு அது போதவில்லை. எனக்கு இன்றும் அதுதான் சரி.

வகுப்பறைக்குக் கொண்டுபோவது

இசைக் கல்வி என்ற பெயரும் இத்துறையில் இருப்பதால், ‘இதை வைத்துப் பாடம் நடத்தலாமே’ என்று நேர்காணலில் கேட்பார்கள். ஹங்கேரியில் ஜோல்டான் கோடாய் நாட்டுப் பாடல்களையும் குழந்தை விளையாட்டுப் பாடல்களையும் பள்ளி இசைக்கு அடிப்படையாக வைத்த கதை உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் மைதானத்து ஆட்டத்தை டீச்சர் வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்த மறுவாரமே, பிள்ளைகள் மைதானத்தில் அதை விட்டுவிட்டதை நான் பார்த்தேன். பாட்டைக் கொண்டுபோவதைவிட, அவர்கள் கற்கும் முறையைக் கொண்டுபோகலாம்: முழு வேகம், கலந்த வயது, ஓரமாய் நிற்க அனுமதி. சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளி ஆசிரியர்களிடமும், உத்தமசோழபுரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் இதைப் பேசிப் பாருங்கள். நல்ல எதிர்வாதம் கிடைக்கும்.

வேலை? உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், ஆனால் இசைக்கான இடங்கள் குறைவு. பலர் சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கிறார்கள். பி.எட். இருந்தால் பிடிமானம். 1953இல் தொடங்கிய சர்வதேச இசைக் கல்விச் சங்கம், சுருக்கமாக இஸ்மி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. 2024இல் ஹெல்சிங்கியில் நடந்தது. மாநாட்டுக்கு எழுதும்போது ‘தமிழகத்தின் அழியும் மரபு’ என்று எழுதாமல், மூன்றுக்கு நான்கு மாதிரி ஒரு சின்ன விஷயத்தை எடுத்து எழுதுங்கள். ஆய்வு மாணவராகப் பதிந்திருந்தால் ஃபுல்பிரைட்-நேரு உதவியில் 6 முதல் 9 மாதம் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டும் வரலாம்.

பதிவுகளை உங்கள் மடிக்கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு செத்துப்போகாதீர்கள். ஒப்புதல் இருப்பவற்றைக் இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் 1982இல் தொடங்கி, இப்போது குருகிராமில் இயங்கும் இசை ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் சேர்க்கக் கேளுங்கள். ஊருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

நான் ஆய்வேடு முடித்து, பென் டிரைவோடு அந்த மலைப் பள்ளிக்குப் போனேன். பழைய நாலாம் வகுப்பெல்லாம் கீழே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. இருந்த பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டார்கள். “இது பழசுக்கா, இப்ப இப்படி இல்ல” என்று இரண்டு பேர் எழுந்து நின்று தட்டிக் காட்டினார்கள். கை ஐந்து அசைவில் சுற்றியது. அவசரமாக ரெக்கார்டரை எடுத்தேன். உள்ளே பேட்டரி இல்லை, பையிலும் இல்லை.